குழாய் பூட்டிய கதை

சென்ற மாசியில் மகள் பாத்திரங்கழுவும் இயந்திரம் ஒன்றை வாங்கித் தந்தாள். இரவு வேலை முடித்து வரும் தாயார் கழுவுதொட்டியின் முன் நிற்பதைக் காண அவளுக்குப் பொறுக்கவில்லை. மல்வேர்னில் மக்கள் குடியேறத் தொடங்கிய 1970களில் கட்டப்பட்ட எமது வீட்டில் அதற்கெனக் குழாய் எதுவும் இல்லை. பூட்டுவதற்குக் கேட்கப்பட்ட கூலி கட்டுபடியாகவில்லை. ஊரில் தமிழும் வரலாறும் கற்பித்த நான் குறட்டைக் கையில் எடுத்தேன்.

இந்நாட்டில் இவ்வியந்திரத்துக்குப் பெரும்பாலும் சுடுநீரே கொடுக்கப்படுகின்றது. வீட்டின் தலைவால்வை மூடி, தொட்டியின் கீழுள்ள சுடுநீர்க் குழாயில் இருவாய் வால்வு பொருத்தி, அதிலிருந்து உருக்குப் பின்னற் குழாயை இயந்திரத்தின் அடிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கழிவுக் குழாயை நேரே வடிகாலுக்கு விடலாகாது. தொட்டியின் மேல்விளிம்பளவுக்கு உயர்த்திக் கட்டிய பின்னரே கீழிறக்க வேண்டும். இல்லையேல் அழுக்குநீர் கழுவிய கோப்பைகளுக்கே திரும்பும். கிணற்றுக்கும் மலகூடக் குழிக்கும் இடையே தூரம் பார்த்து வாழ்ந்த எமக்கு இவ்விதி புதிதன்று.

அதனைச் சரியாகச் செய்தேன். பிழைத்தது வேறிடத்தில். புரியென்றால் வெள்ளை நாடா சுற்றவேண்டும் என்று எங்கோ கேட்டிருந்தேன். றப்பர் வளையமுள்ள மூட்டில் வளையமே நீரைத் தடுக்கும், நாடா வேண்டியதில்லை. நான் சுற்றி இறுக்கியதில் வளையம் சரியாக அமரவில்லை. இருமுறை ஓடவிட்டுப் பார்த்தேன். முன்தரை காய்ந்தே இருந்தது.

ஐந்தாம் நாள், வெப்பமூட்டியின் வடிகட்டியை மாற்ற நிலவறைக்குச் சென்றேன். அங்கு குடியிருக்கும் குடும்பம் இந்நாட்டுக்கு வந்து எட்டு மாதங்கள். அகதிக் கோரிக்கை இன்னும் விசாரிக்கப்படவில்லை. கட்டில் சுவரிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. அவ்விடத்தில் சோறாக்கும் பானை. மேலிருந்து சொட்டுச் சொட்டாக நீர். வெப்பக்காற்று வரும் துவாரத்தருகே பிள்ளையின் புத்தகங்கள் காய்ந்துகொண்டிருந்தன.

“எத்தனை நாளாய்?”

“நாலு நாள், மாஸ்டர். சொன்னா எழும்பச் சொல்லிப்போடுவியளோ எண்டு பயமாக் கிடந்தது.”

நானும் இந்நகரில் ஒரு நிலவறையில், வெப்பமில்லாத மாரி ஒன்றை வாய் திறவாமற் கழித்தவன். அவ்வீட்டுக்காரரும் எம்மவரே. அப்போது அவரை மனதுள் எவ்வளவு திட்டியிருப்பேன்!

ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி வீட்டைத் திருத்தமாக வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை. திருத்தம் கேட்டமைக்காக ஒருவரை எழுப்ப இடமில்லை. வீட்டுக்காரருடன் குசினியோ குளியலறையோ பகிரவேண்டியவர்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. எனினும் இவர்களுக்கு இரண்டும் தனியாகவே உண்டு. இதனை எட்டு மாதங்களில் ஒருநாளாவது நான் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. வாடகையை மட்டும் முதலாந் திகதி தவறாமல் எண்ணி வாங்கினேன்.

அன்று மாலையே நாடாவை அகற்றிப் புதிய வளையத்துடன் பூட்டினேன். உலர்ந்த கடதாசியை மூட்டின்கீழ் வைத்து ஒரு மணிநேரம் காத்திருந்தேன், நனையவில்லை. நிலவறைக் கூரையின் நனைந்த பகுதியை வெட்டி மாற்ற ஆள் பிடித்தாயிற்று. புத்தகங்களுக்குப் பணம் நீட்டினேன். “வேண்டாம், மாஸ்டர்” என்றார்கள். அதுவும் பயத்தினாற்றானோ, நானறியேன்.