நடுவாவியில் நின்ற படகு

தூண்டில் போடுகிறவனைப் பற்றி நம் ஊரவர் நல்ல அபிப்பிராயம் கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. வலை வீசுபவன் உழைப்பாளி. தூண்டிலோடு குந்தியிருப்பவன் வேலையற்றவன். மட்டக்களப்பு வாவிக்கரையில் நாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த தீர்ப்பு இதுவே. ஆகவே, ரொறன்ரோவிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் வீடு வந்த நம் மைத்துனர், பெட்டியைத் திறந்து சேலைகளுக்கும் சொக்கிலேற்றுக்கும் நடுவிலிருந்து மூன்று துண்டாய்க் கழற்றிய தூண்டிற் கோலொன்றை வெளியே எடுத்தபோது, வீட்டில் மகிழ்ச்சி உண்டாகவில்லை. மாமி அதைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் அடுக்களைக்குப் போய்விட்டார்.

மைத்துனருக்கு அங்கே சமன் மீன் பிடிப்பது பொழுதுபோக்கு. நம் கடைகளில் 'சமன் டின்' என்று விற்கும் தகரத்துள் இருப்பது பெரும்பாலும் வேறு கடல் மீனேயாகும். தமிழ்நாட்டில் காலா என்று வழங்கும் மீனை ஆங்கிலேயர் 'இந்தியச் சமன்' என்று அழைத்தார்கள். அதற்கும் உண்மையான சமனுக்கும் யாதொரு உறவும் இல்லை. மெய்யான சமன் குளிர்நாட்டு மீன். ஆற்றிற் பிறந்து, கடலிலோ பேரேரியிலோ வளர்ந்து, முட்டையிடுவதற்குத் தான் பிறந்த ஆற்றையே தேடி எதிர்நீச்சலிட்டு ஏறும். பசிபிக் சமுத்திரத்துச் சமன் அவ்வாறு ஏறி முட்டையிட்டதும் இறந்துபோகும். ஒன்ராறியோ ஏரிக்கே உரியதாயிருந்த அத்திலாந்திக் சமன் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அங்கே அற்றுப்போயிற்று. 1960களின் பிற்பகுதியில் பசிபிக் கரையின் 'சினூக்' என்னும் சமனைக் கொண்டுவந்து அப்பேரேரிகளில் விட்டார்கள். இன்று நம் மைத்துனர் புரட்டாதி, ஐப்பசியில் பிடிப்பது அந்த வந்தேறி மீனைத்தான். "வந்தேறியை வந்தேறி பிடிக்கிறான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

நம் வாவியில் சமன் இல்லை. ஆனால் கொடுவா உண்டு. தூண்டிற்காரனுக்கு அது போதும். கொடுவாவின் வழக்கம் சமனுக்கு நேர் எதிரானது. நன்னீரிலும் வாவியிலும் வளர்ந்து, முட்டையிடுவதற்கு உவர்நீரை நாடி முகத்துவாரப் பக்கம் இறங்கும். இன்னொரு விசித்திரமும் உண்டு: இளமையில் ஆணாய் இருந்து, பெருத்தபின் பெண்ணாய் மாறும். இதைக் கேட்ட மைத்துனரின் மகன், பன்னிரண்டு வயதுப் பையன், "அப்ப பெரிய மீன் எல்லாம் அம்மாவா?" என்று கேட்டான். ஆம் என்றோம். "அப்ப விட்டுடவேணும்" என்றான். தகப்பன் பிடித்த மீனை அளந்து, படம் எடுத்து, மீண்டும் நீரில் விடுகிற வழக்கமுடையவர் என்பது அப்போதுதான் நமக்குத் தெரிய வந்தது. நம் வாவியில் எவனாவது கொடுவாவைப் பிடித்து நீரில் விட்டான் என்றால் ஊர் அவனுக்கு நூல் கட்டப் பார்க்கும்.

ஓகஸ்ட் விடுமுறை. அயல்வீட்டுத் தம்பியொருவன் வங்கிக்கடனில் வாங்கிய சிறு இயந்திரத்தையும் ஃபைபர் படகையும் கூலி வாங்காமலே தந்தான். முச்சக்கர வண்டியில் பெற்றோல் கலத்தைக் கொண்டுபோகையில் பள்ளத்தில் விழுந்து எழுந்தபோதெல்லாம் எண்ணெய் வாடை மூக்கைத் துளைத்தது. பையன் முகத்தைச் சுளிக்கவே, கலத்தின் மூடியிலிருந்த சிறு திருகாணியை நாம் இறுக்கிவிட்டோம். வாடை நின்றது. இந்தச் சிறு செயலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். நாமோ கரைக்குப் போவதற்குள் அதை மறந்துவிட்டோம்.

கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்கள் கோலையும் இயந்திரத்தையும் மேலுங்கீழுமாய்ப் பார்த்தார். "கம்பு எங்க மனே?" என்றார். இயந்திரம் இருக்கிறதே என்றோம். "இஞ்சின் இருக்கும். நிண்டா மறுகா என்ன செய்வீங்க?" அவர் வற்புறுத்தலால் ஒரு சவளை மாத்திரம் வாங்கிப் படகிற் போட்டோம். கம்பு நீளமாய் இருந்ததால் இடைஞ்சல் என்று விட்டுவிட்டோம்.

மட்டக்களப்பு வாவி தெற்கு வடக்காய் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேல்கரையைப் படுவான்கரை என்றும் சொல்வது நம் வழக்கு. ஞாயிறு எழும் கரையில் கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி என்று ஊர்கள் நெருங்கி நிற்கும். ஞாயிறு படும் கரையில் வவுணதீவுப் பக்கம் வயலும் வெளியும். ஆடி, ஆவணியில் படுவான்கரையிலிருந்து கச்சான் காற்று வரும். காய்ந்த, சூடான காற்று. பகலில் வீசி வாவியை நுரைக்க வைக்கும்; பொழுது சாய்ந்தால் சில நாளில் சொல்லாமலே அடங்கிவிடும்.

பிற்பகல் நான்கு மணிக்குக் கல்லடியிலிருந்து புறப்பட்டோம். பாலங்கள் இரண்டும் பின்னால் நின்றன: 1924இல் கட்டப்பட்ட மானிங் சீமாட்டி பாலமும், அதற்குப் பக்கத்தில் 2013இல் திறந்த புதியதும். இயந்திரம் நன்றாகவே ஓடிற்று. தெற்கே திரும்பிப் படுவான்கரைப் பக்கமாய் விட்டோம். பத்து நிமிடம் சென்றிருக்கும். இயந்திரம் இருமிற்று, திணறிற்று, நின்றது.

மைத்துனர் கலங்கவில்லை. தங்கூசியில் உயிர் இறாலைக் கோத்து எறிந்தார். அரை மணித்தியாலம் மீன் தொடவில்லை. பின் கயிற்றை இழுத்தார். மூன்றாம் இழுவையில் இயந்திரம் பிடித்துக்கொண்டது. "பார்த்தீங்களா, சூடாகித்தான் நிண்டது" என்றார். நாமும் ஆமோதித்தோம். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் நின்றது. இந்த முறை இழுக்க இழுக்க வெறும் கயிறே கைக்கு வந்தது. பெற்றோல் குழாயின் நடுவே ஒரு ரப்பர் குமிழ் உண்டு. கையால் அமுக்கினால் எண்ணெய் முன்னே செல்லும். பையன் அதைக் காட்டி, "மாமா, இது ஏன் சப்பையாக் கிடக்கு?" என்றான். பழையதாயிருக்கும் என்று நாம் மறுமொழி சொன்னோம். அறியாததை அறிந்ததுபோல் குழந்தைகளுக்குச் சொல்லிவிடுவதில் பெரியவர்களுக்கு உள்ள வேகம் வேறெதிலும் இல்லை.

மைத்துனர் இயந்திரத்தின் மூடியைக் கழற்றினார். பிளக்கைக் கழற்றித் துடைத்தால் சரியாகும் என்பது அவர் கட்சி. கழற்றினார், துடைத்தார். அந்த நேரத்தில் ஓர் அலை படகின் பக்கத்தில் மோதிற்று. பிளக் அவர் விரல்களிலிருந்து நழுவி, படகின் விளிம்பில் ஒருமுறை 'டிங்' என்று தட்டிவிட்டு நீருக்குள் போயிற்று. மூவரும் அது போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆழம் மிகுதியில்லை, ஓராள் மட்டம் இருக்கலாம். ஆனால் அடியில் முழங்கால் புதையும் சேறு. வாவியில் முதலையும் உண்டு. ஆகவே இறங்கித் தேடுகிற பேச்சுக்கு இடமில்லை. கச்சான் இப்போது வலுத்தது. படகு பக்கவாட்டாய்த் திரும்பி அலைக்கு விலாவைக் கொடுத்தது. ஒவ்வோர் அலையும் ஒரு சிரங்கை நீரை உள்ளே எறிந்தது. பையன் ஒரு வெறுந்தகரத்தை எடுத்து இறைக்கத் தொடங்கினான். மிதப்புச் சட்டை அவனுக்கு மட்டுமே இருந்தது. அவன் பேச்சை நிறுத்திவிட்டான் என்பதை நாம் சற்றுத் தாமதித்தே கவனித்தோம்.

கைப்பேசி இருவரிடமும் இருந்தது. யாரை அழைப்பது? இயந்திரம் தந்த தம்பி வாழைச்சேனைக்குப் போயிருந்தான். வீட்டுக்குச் சொன்னால் மாமிக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி நாவலடியையும் கல்லடிக் கரையையும் அழித்தபோது, மாமி தம் தங்கையையும் அவர் பிள்ளைகள் இருவரையும் இழந்தவர். அன்று முதல் அவர் தண்ணீர்க் கரைக்குப் போனதில்லை. வாவி வேறு, கடல் வேறு என்று எத்தனை முறை சொல்லியும் அவருக்கு இரண்டும் ஒன்றே. "அம்மாட்டச் சொல்லாதீங்க அத்தான்" என்று மைத்துனர் தாழ்ந்த குரலில் சொன்னார். நாற்பத்தைந்து வயது மனிதர், மகனுக்குக் கேட்கக்கூடாதென்று அப்படிச் சொன்னார். நாம் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டோம். அது சரியான முடிவா என்று இன்றும் நமக்கு நிச்சயமில்லை.

காற்றாவது எழுவான்கரைக்குத் தள்ளிவிடும் என்று நம்பியிருந்தோம். பொழுது சாய்ந்ததும் கச்சான் சட்டென்று அடங்கிற்று. அலை படுத்தது. படகு நட்டாற்றில் நின்றது. ஒற்றைச் சவளால் அகன்ற ஃபைபர் படகைச் செலுத்துவது வண்டியின் ஒரு மாட்டை மட்டும் ஓட்டுவது போன்றது. இடப்புறம் வலித்தால் வலப்புறம் திரும்பும். வலப்புறம் வலித்தால் இடப்புறம். மாறி மாறி வலித்தோம். உள்ளங்கை கொப்பளித்தது. கரையில் விளக்குகள் ஏறின. அவை கிட்டவே வரவில்லை. கம்பு ஒன்று இருந்திருந்தால் சேற்றில் ஊன்றித் தள்ளியே போயிருக்கலாம்.

இருட்டும் வேளையில் சவள் எதிலோ சிக்கிற்று. வலை! யாரோ பாய்ச்சியிருந்த வலையின் மேல் படகு ஏறியிருந்தது. சிறிது நேரத்தில், "ஆரது வலைக்குள்ள?" என்று ஒரு குரல் வந்தது. குரலைத் தொடர்ந்து தோணி வந்தது. கோபத்தோடுதான் வந்தார். வெளிச்சத்தை எங்கள் முகத்தில் அடித்தார். பையன் முகத்தில் பட்டதும் தாழ்த்தினார். "புள்ளையையும் கொண்டா வந்த நீங்க?" என்றார். அதற்கு எங்களிடம் விடையில்லை. வலையை அவரே பொறுமையாய் விடுவித்தார். ஒரு பாகம் கிழிந்திருந்தது. மைத்துனர் பணம் எடுக்கப் போனார். "கரைக்குப் போய்ப் பாப்பம்" என்று சொல்லிவிட்டு, எங்கள் படகைத் தம் தோணியோடு கயிற்றால் பிணைத்துக் கம்பூன்றத் தொடங்கினார்.

பாலத்தை நெருங்கும்போது அவர் கம்பை நிறுத்தினார். சவளைத் தலைகீழாய் நீரில் தாழ்த்தி, அதன் பிடியில் காதை வைக்கும்படி பையனிடம் சொன்னார். மீன் பாடும் என்று நம் நாட்டுக்கே பெயர் தந்த ஓசையை அவர் சொன்னார். எமர்சன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட நூலில், இரவில் இவ்வாவியில் தாம் அதைக் கேட்டதையும், படகின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி மிகுந்ததையும் எழுதியிருக்கிறார். 1950களில் புனித மிக்கேல் கல்லூரியின் அருட்தந்தை லாங் அதை ஒலிப்பதிவு செய்தார். அது மீனின் குரலா, ஊரியின் குரலா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. பௌர்ணமிக் காலத்தில் நன்றாய்க் கேட்கும் என்பார்கள். அன்று பௌர்ணமி அல்ல. பையன் நெடுநேரம் காதை எடுக்கவில்லை. பின் "கேட்குது" என்றான். நாமும் வைத்துப் பார்த்தோம். நமக்கு நம் இரத்தத்தின் இரைச்சலே கேட்டது.

கரையில் மாமி நின்றார். யார் சொன்னார்களோ தெரியாது. இருபது ஆண்டாய் வராத இடத்தில், முழங்கால் நனைய நின்றார். பேரனைத் தொட்டுப் பார்த்தார். எங்களை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதைவிட அவர் ஏசியிருக்கலாம்.

ஏசியது மைத்துனர்தான். இரவில் வந்த அயல்வீட்டுத் தம்பியை வாசலில் நிறுத்தி, "இப்படி ஒரு இஞ்சினைக் குடுத்து ஆளைக் கொல்லப் பார்த்தியா?" என்றார். "நேற்று மட்டும் நல்லா ஓடினது அண்ணே" என்பதற்கு மேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. தவணை முடியாத இயந்திரம். அதைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு போனான்.

மறுநாள் அவனோடு நாமும் பழுதுபார்ப்பவரிடம் சென்றோம். புதிய பிளக் போட்டார், இயந்திரம் ஓடிற்று, சில நிமிடத்தில் இருமி நின்றது. அவர் குமிழைப் பார்த்தார். பின் பெற்றோல் கலத்தை இழுத்து, மூடியின் திருகாணியை இரண்டு சுற்றுத் தளர்த்தினார். 'உஸ்' என்று காற்று உள்ளே போயிற்று. சப்பையாய்க் கிடந்த குமிழ் மெல்லப் பருத்தது. இளநீரில் ஒரே துளையிட்டுக் கவிழ்த்தால் நீர் விக்கி விக்கி நின்றுவிடுமல்லவா? அதுவே இதுவும். எண்ணெய் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே போகவேண்டும். வழி அடைத்தால் கலத்துக்குள் வெறுமை உண்டாகி எண்ணெய் ஏறாது. சற்று ஓய்ந்திருந்தால் கசிவில் கொஞ்சம் காற்றுப் புகும்; அதனால்தான் அரை மணித்தியாலத்துக்குப் பின் ஒருமுறை ஓடிற்று. "ஆரு இதைப் பூட்டினது?" என்று அவர் கேட்டார். தம்பி நம்மைப் பார்த்தான். பூட்டியது யாரென்று அவனுக்குத் தெரியாது. நாம் "தெரியாது" என்றோம்.

அந்தப் பொய் மதியச் சோற்றோடு தொண்டையில் நின்றது. மாலை மைத்துனரிடம் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் முற்றத்து மண்ணைப் பார்த்திருந்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, "வாங்க அத்தான்" என்றார். அயல்வீட்டு வேலிப் படலையைத் திறந்து இருவரும் போனோம். மைத்துனர் மன்னிப்புக் கேட்டபோது தம்பி வெட்கத்தால் குறுகிப்போனான். நாம் கேட்டபோது வெளிப்படையாகவே சிரித்தான். வலைக்காரருக்கு இரண்டு பாகம் வலை வாங்கிக் கொடுத்தோம். கிழிந்தது ஒன்று என்று சொல்லி ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு மறுபடியும் போனோம். இம்முறை தம்பியும் வந்தான், கம்பும் வந்தது. திருகாணியைப் பையன் மூன்று முறை சோதித்தான். மாலை ஐந்தரைக்கு ஒரு கொடுவா தொட்டது. இரண்டு சாண் நீளம். வெள்ளி போல் மின்னிற்று. மைத்துனர் அளந்தார், படம் எடுத்தார், நீருக்குள் பிடித்து மெல்லக் கையை விட்டார். தம்பி வாயடைத்து நின்றான்.

வாசலில் மாமி காத்திருந்தார். பேரனின் கையைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்.

"மீன் எங்க?"

"விட்டுட்டன் அம்மா."

"விடுறதுக்கா போன நீ?" என்று சொல்லிவிட்டு, அரைத்துவைத்த மிளகாயைப் பார்த்தபடி உள்ளே போனார்.