சலவைத் தொட்டியும் திருநூலும்

1997 இல் திருச்சபை மறைவல்லுநராக அறிவித்த லிசியே நகரத்துத் தெரேசாவிடம், தமக்கென முழு விவிலியம் ஒன்று இருந்ததில்லை. 1888 இல், பதினைந்து வயதில், அந்நகரத்துக் கார்மேல் மடத்திற் புகுந்த அவர் நற்செய்தி நூலை நெஞ்சருகே வைத்திருந்தார். பழைய ஏற்பாட்டைத் துணுக்குகளாகவே பெற்றார். 1894 இல் அதே மடத்திற் சேர்ந்த தமக்கை செலினின் குறிப்பேட்டிலேதான் சிறியோரை அழைக்கும் நீதிமொழி வசனத்தைக் கண்டார். அவரது 'சிறிய வழி' அவ்வாறு உருப்பெற்றது. குருவாகியிருந்தால் எபிரேயமும் கிரேக்கமும் கற்றிருக்கலாமே என்ற ஏக்கமும் அவருக்கிருந்தது.

படித்ததற்கு உரைகல்லாயமைந்தது துணி துவைக்குமிடம். எதிரே கைக்குட்டைகளைத் துவைத்த சகோதரியொருவர், தம்மையறியாமலே, அழுக்குநீரைத் தெரேசாவின் முகத்தில் ஓயாது தெறிக்கச் செய்தார். சற்றே பின்வாங்கி முகத்தைத் துடைத்தாற் போதும், அவர் குறிப்பறிந்திருப்பார். தெரேசாவுக்கும் அவ்வாறே செய்யத் தோன்றிற்று, செய்யவில்லை. அன்பைப் பற்றிப் புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய அதிகாரத்தை மனனஞ் செய்து ஒப்புவிப்போர் பலர். அழுக்குநீர் தெறிக்குங் கணத்தில் அது நினைவுக்கு வருதல் வேறு காரியம்.

எனினும் அவரது விசுவாசம் இடையறாத ஒளியில் வளர்ந்ததன்று. 1896 இன் உயிர்ப்புத் திருநாட் காலத்தில் அவருள்ளத்தை இருள் சூழ்ந்தது. விண்ணகம் உண்டோ என்பதே வினாவாயிற்று. காசநோய் உடலை அரித்துக்கொண்டிருந்தது. அந்நிலையில் விசுவாசப் பிரமாணத்தைத் தமது இரத்தத்தால் எழுதித் தம்முடன் வைத்துக்கொண்டார். செபத்தை அவர் கைவிடவில்லை. 1897 செப்டெம்பர் 30 ஆம் நாள் 24 வயதில் அவர் இறந்தபோது, அவ்விருள் தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டாகியிருந்தது.