ஆண்டு அனுபவித்தல்: தீவு நகரில் தமிழரின் வீடு

தமிழில் எழுதப்படும் கிரயப் பத்திரங்களில் ஒரு சொற்றொடர் பெரும்பாலும் தவறாமல் இடம்பெறும். சொத்தின் நான்கெல்லைகளைச் சொல்லி, தொகையைச் சொல்லி, விற்பவரின் பாத்தியதை தீர்ந்துவிட்டதைச் சொல்லி முடித்த பிறகு, வாங்குபவர் இனி அதைப் புத்திர பௌத்திர பாரம்பரியமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று பத்திர எழுத்தர் எழுதுவார். ஆளுதல், அனுபவித்தல் என்ற இரண்டு வினைகள் அதில் அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னது உரிமையைச் சேர்ந்தது. பின்னது வாழ்க்கையைச் சேர்ந்தது. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே மனிதருக்கு, ஒரே காலத்தில் வாய்க்கும் என்பது பத்திர எழுத்தரின் நம்பிக்கை. மும்பைத் தமிழர்களின் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றை, இந்த இரு சொற்களுக்கும் இடையே விழுந்த இடைவெளியின் வரலாறாகவே வாசிக்கலாம்.

அந்த நகரின் தொடக்கமே ஒரு வாடகை ஒப்பந்தம்தான். ஏழு தீவுகளாகச் சிதறிக் கிடந்த பம்பாய், 1661ஆம் ஆண்டின் திருமண உடன்படிக்கை வழியாகப் போர்ச்சுகலிடமிருந்து இங்கிலாந்து மன்னருக்குச் சீதனமாக வந்தது. 1668இல் மன்னர் அதை ஆண்டுக்கு 10 பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். பின்னர் தீவுகளுக்கு இடையிலிருந்த உப்பங்கழிகள் அடைக்கப்பட்டன, சதுப்புகள் தூர்க்கப்பட்டன, கடலிலிருந்து நிலம் எடுக்கப்பட்டது. வேறிடங்களில் நிலம் முன்பே இருக்கும், மனிதர் அதன்மேல் வீடு கட்டுவர். மும்பையின் பெரும்பகுதியிலோ நிலத்தையே முதலில் உண்டாக்க வேண்டியிருந்தது. எனவே, நிலம் யாருடையது என்ற கேள்விக்கு முன்பாக அங்கே கேட்கப்பட வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு: அதை உண்டாக்கியவர் யார்?

தாராவியில் இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லும் தகுதி கோலி மீனவர்களுக்கு உண்டு. மாகிம் கழியை ஒட்டிய அவர்களது குடியிருப்பான தாராவி கோலிவாடா, இன்றைய தாராவியின் மற்ற எல்லாப் பகுதிகளுக்கும் மூத்தது. அவர்கள் ஆண்டது கழியை. நிலம் அவர்களுக்கு வலை உலர்த்தும் இடம். கழி சுருங்கி, மித்தி ஆறு சாக்கடையாகி, மீன் அற்றுப்போனபோது, பத்திரம் எழுத முடியாத ஒரு சொத்தை அவர்கள் இழந்தார்கள். நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்த இலக்கணிகள் தலைவியின் துயரைத்தான் எண்ணியிருப்பார்கள். ஒரு கழியின் சாவுக்கும் அது பொருந்திப்போகிறது.

தோல் பதனிடும் தொழில் தமிழர்களைத் தாராவிக்குக் கொண்டுவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய அத்தொழிலில் தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் பெருமளவில் இருந்தனர். அவர்களில் பலர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர்கள். 1887இல் எழுந்த பெரிய பள்ளிவாசலும் 1913இல் எழுந்த பிள்ளையார் கோயிலும் அந்தக் காலத்தின் சாட்சிகள். நகரம் தன் நாற்றத்தை எங்கே ஒதுக்கியதோ அங்கேதான் அவர்களுக்கு இடம் கிடைத்தது. சேற்றில் மண்ணையும் இடிபாட்டுக் கற்களையும் குப்பையையும் கொட்டிக் கெட்டிப்படுத்தி, அதன்மேல் தகரமும் சாக்கும் பலகையும் கொண்டு கூரை போட்டார்கள். தலைமுறைகள் கடந்து அது செங்கல்லாயிற்று. பிறகு மேலே ஒரு தளம் வந்தது.

அவர்களில் பலர் பிறந்த ஊரில் தெருவில் செருப்பணிந்து நடக்க முடியாதவர்கள். பொதுக் கிணற்றில் நீர் எடுக்க முடியாதவர்கள். அங்கே அவர்களில் சிலருக்குச் சொந்தமாகக் குடிசையும் துண்டு நிலமும் இருந்திருக்கலாம். ஆளுதல் ஓரளவு இருந்தது, அனுபவித்தல் இல்லை. தாராவியில் இது தலைகீழானது. காலடி மண் அரசுடையது, மாநகராட்சியுடையது. ஆனால் சந்தில் நிமிர்ந்து நடக்கலாம், சங்கம் வைக்கலாம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம். பட்டா இல்லாத இந்த மண்ணைப் பட்டா இருந்த அந்த மண்ணைவிட ஏன் இறுகப் பற்றினார்கள் என்பதற்குச் சதுர அடிக் கணக்கில் விடை கிடைக்காது.

உரிமைப் பத்திரத்தின் இடத்தில் அவர்கள் வேறு காகிதங்களைச் சேர்த்தார்கள். 1971இல் மகாராஷ்டிரக் குடிசைப் பகுதிச் சட்டம் வந்தது. 1976இல் நகரின் குடிசைகள் எண்ணப்பட்டன. அதையொட்டிக் குடும்பத்தின் நிழற்படத்துடன் ‘போட்டோ பாஸ்’ வழங்கப்பட்டது. குடும்ப அட்டை, மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியலின் நகல் என்று நெகிழிப் பைக்குள் அடுக்கப்பட்ட காகிதங்களே அங்கே மூலப் பத்திரம். அவை சொத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. இன்ன நாளில் இன்னார் இங்கே வாழ்ந்துகொண்டிருந்தார் என்பதை மட்டுமே சொல்கின்றன. அதாவது, அவை அனுபவத்தின் ஆவணங்கள்.

தாராவியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய மாதுங்காவில் வேறொரு தமிழகம் உருவானது. 1896இன் பிளேக் நோய்க்குப் பிறகு, 1898இல் அமைந்த பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை தாதர், மாதுங்கா பகுதிகளை மனைகளாகப் பிரித்துக் குத்தகைக்கு விட்டது. அங்கே எழுந்த அடுக்ககங்களில் தென்னிந்தியக் குமாஸ்தாக்களும் தட்டச்சர்களும் கணக்கர்களும் குடியேறினர். அவர்களில் தமிழ்ப் பிராமணர்கள் கணிசமாக இருந்தனர். நிகில் ராவ் ‘ஹவுஸ், பட் நோ கார்டன்’ (2013) என்ற நூலில் இந்தப் புறநகரின் அடுக்கக வாழ்வை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கழிப்பறையைக் கொல்லைக்கு அப்பால் வைத்துப் பழகிய ஆசாரக் குடும்பங்கள், அதைச் சமையலறைக்குச் சில அடி தூரத்தில் ஏற்றுக்கொண்ட மாற்றம் எளிதாக நிகழ்ந்ததன்று. 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் தொடங்கப்பட்டது. 1952இல் சண்முகானந்த சபா உருவானது. கோயில், பஜனை, பூக்கடை, காப்பித்தூள் கடை, வாழையிலைச் சாப்பாடு என்று ஓர் ஊரையே அவர்கள் நிறுவிக்கொண்டார்கள்.

ஆயினும், அந்த ஊரின் வீடுகளில் பெரும்பாலானவை வாடகை வீடுகள். 1947இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1940இன் வாடகை அளவுகளை ஏறக்குறைய உறையவைத்தது. குடியிருப்பவரை வெளியேற்றுவது கடினமாயிற்று. ‘பகடி’ என்னும் முன்பணம் கொடுத்துக் குடியிருப்புரிமையைக் கைமாற்றும் வழக்கம் வேரூன்றியது. சட்டத்தின் பார்வைக்கு வெளியே நிகழ்ந்த அந்த வழக்கத்தை 1999ஆம் ஆண்டின் சட்டமே ஏற்றுக்கொண்டது. ஆகவே, மாதுங்காவில் மூன்று தலைமுறைகள் ஒரே வீட்டில் பிறந்து, மணந்து, மறைந்த பிறகும் அது அவர்களுக்குச் சொந்தமானதன்று. அற்ப வாடகை பெற்ற வீட்டுக்காரர் பழுதுபார்க்கவில்லை. மேற்கூரை பெயர்ந்து விழுந்தது. ஆனாலும், அந்த வீட்டில் வாழ்ந்தவரைக் குடிசைவாசி என்று எவரும் அழைத்ததில்லை. நிலம் சொந்தமில்லாமை இரு இடத்துக்கும் பொது, பெயரில்தான் வேறுபாடு. சாதியும் வகுப்பும் செய்த வேலை அது.

1966இல் சிவசேனா தோன்றி, தென்னிந்தியர்களுக்கு எதிரான பிரச்சாரத்தில் இறங்கியபோது, இரு தமிழகங்களும் ஒரே அச்சத்தை அறிந்தன. உணவு விடுதிகள் தாக்கப்பட்டன. வேலையைப் பறித்துக்கொண்டவர்கள் என்ற பழி, குமாஸ்தாவின்மீதும் கூலித் தொழிலாளியின்மீதும் வேறுபாடின்றி விழுந்தது. தம்முடையதென்று சட்டம் ஏற்கும் ஒரு வீடு வேண்டும் என்ற வேட்கைக்கு அந்த அச்சமும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

செம்பூர் அந்த வேட்கைக்கு ஒரு விடையாக அமைந்தது. 1960ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டமும் 1963ஆம் ஆண்டின் அடுக்கக உடைமைச் சட்டமும், தளம் ஒன்றை விலைக்கு வாங்கிச் சங்கத்தின் பங்குதாரராகும் வழியை உறுதிப்படுத்தின. நடுத்தரத் தமிழ்க் குடும்பங்கள் பல செம்பூரில் வீடு வாங்கின. சேடா நகரில் 108 படிகளுக்கு மேல் முருகன் அமர்ந்தான். அந்தக் கோயிலுக்குத் திருச்செம்பூர் என்றே பெயர் அமைந்தது. கடலோர நகரிலே தங்களுக்கொரு குன்றத்தைத் தமிழர்கள் அமைத்துக்கொண்டார்கள். பத்திர எழுத்தர் கண்ட கனவுக்கு மிக அருகில் வந்தவர்கள் இவர்கள்தாம். ஆனால் இவர்கள் கையிலிருப்பதும் மண்ணன்று, பங்குச் சான்றிதழ். பல சங்கங்களுக்குக் கட்டடத்தின் அடிநிலம் கட்டுநரிடமிருந்து முறையாகக் கைமாறவே இல்லை; அதற்கெனச் சட்டத்தில் தனி வழிவகையே செய்ய வேண்டியிருந்தது.

இவர்கள் எல்லோருக்கும் பின்னால் இன்னொரு வீடும் இருந்தது. ஓய்வுக்குப் பின் திரும்பிவிடலாம் என்று நெல்லையிலோ பாலக்காட்டிலோ தஞ்சையிலோ கட்டிவைத்த வீடு. தீர்வை ரசீது உண்டு, பத்திரம் உண்டு, நான்கெல்லை உண்டு. ஆண்டுக்கொருமுறை, கோடை விடுமுறையிலோ கோயில் கொடையிலோ பூட்டுத் திறக்கப்படும். ஆளப்பட்டது, அனுபவிக்கப்படவில்லை.

அனுபவம் எங்கே நிகழ்ந்தது என்று பார்த்தால், தாராவியில் அது பெரும்பாலும் வீட்டுக்கு வெளியில் நிகழ்ந்திருக்கிறது. பொங்கலன்று தொண்ணூறடிச் சாலைப் பகுதியில் பெண்கள் வரிசையாக அடுப்புக் கூட்டிப் பானை ஏற்றுகிறார்கள். பத்தடி அறைக்குள் கொள்ளாத பண்டிகைக்குத் தெருவே முற்றமாகிறது. விடியற்காலையில் வீடுகளில் வெந்த இட்டலி, பாத்திரங்களில் ஏறி நகரெங்கும் விற்பனைக்குப் புறப்படுகிறது. முறுக்குப் பிழிதல், அப்பளம் உலர்த்துதல், தையல், தோற்பை செய்தல் எல்லாம் வாசலும் சந்தும் சேர்ந்த இடத்தில் நடைபெறுகின்றன. அங்கே வீடு என்பது சுவர்களுக்குள் அடங்குவதன்று. வாசற்படிக்கு வெளியே சில அடி நீளும் வழக்க உரிமையும் அதன் பகுதியே.

இதைக் கொண்டாடிவிட்டு நகர்ந்துவிடுவது நேர்மையாகாது. பொதுக் கழிப்பறைக்கு முன் அதிகாலை வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு அந்தச் சந்து இனிமையானதன்று. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி, மித்தி ஆறு பெருக்கெடுத்தபோது, தூர்த்த சதுப்புகள் தாங்கள் சதுப்பு என்பதை நினைவுகூர்ந்தன. குழாயும் கழிப்பறையும் காற்றும் உள்ள வீட்டைக் கேட்பவரிடம் சந்தின் உறவுகளைப் பற்றிப் பேசுவது, வயிறு நிறைந்தவரின் பேச்சாகவே ஒலிக்கும்.

இப்போது அந்த வீடு வருகிறது என்கிறார்கள். 1985இல் பிரதமர் நிதியாகப் பம்பாய்க்கு 100 கோடி அறிவிக்கப்பட்ட காலந்தொட்டுத் தாராவியின் சீரமைப்பு பேசப்பட்டுவருகிறது. 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தப்புள்ளியை வென்றது. 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. விதிகள் தெளிவானவை. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி, விலையின்றி. அதன் பிறகு 2011க்குள் வந்தவருக்கு வேறிடத்தில் 300 சதுர அடி, 2.5 லட்சம் ரூபாய்க்கு. மேல்தளத்தில் இருப்பவருக்கும் இன்னும் பிந்தி வந்தவருக்கும் தாராவிக்கு வெளியே வாடகை வழியாகத் தவணையில் உரிமையாகும் வீடு.

இந்த விதிகள் கேட்பது ஒரு தேதியையும் ஒரு தளத்தையும். ஒரே கூரையின்கீழ்த் தரைத்தளத்தில் அண்ணனும் மேலே தம்பியும் இருந்தால், அண்ணன் தாராவியில் தங்குவார். தம்பி நகரின் மறுகோடிக்குப் போவார். அப்பா கட்டியது ஒரு வீடு; விதி அதை இரண்டாக வாசிக்கிறது. தரையில் மாவாட்டி இட்டலி விற்றவருக்குப் பதினைந்தாம் மாடியில் 350 சதுர அடி கிடைக்கும். அது சொந்தமாகவும் இருக்கும். ஆனால் அடுப்பை எங்கே மூட்டுவது, அண்டாவை எப்படி இறக்குவது, பராமரிப்புக் கட்டணத்தை எந்த வருமானத்தில் கட்டுவது என்பவை விதியின் கேள்விகளல்ல. தலைமுறைகளாக அனுபவித்தும் ஆளாதிருந்தவர்களுக்கு ஆளும் உரிமை தரப்படுகிறது. பலருக்கு அதன் விலை அனுபவமாக இருக்கக்கூடும்.

இவ்விடத்தில் ஆய்வாளர்கள் தங்கள் அளவுகோலையும் சரிபார்த்துக்கொள்வது நல்லது. வீட்டுரிமை பற்றிய விவாதம் பெரும்பாலும் பட்டா உண்டா, இல்லையா என்ற ஒற்றைக் கோட்டில் நடக்கிறது. மாதுங்காவின் வாடகைதாரரும் செம்பூரின் பங்குதாரரும் தாராவியின் போட்டோ பாஸ்காரரும் முழு உடைமை இல்லாதவர்களே. முன்னிருவருக்கும் காலப்போக்கில் சட்டம் இறங்கிவந்து, அவர்களது வாழ்வின் வழக்கத்தை உரிமையாக எழுதித் தந்தது. பகடி அப்படித்தான் ஏற்கப்பட்டது. மூன்றாமவரிடம் மட்டும் அவரது வழக்கத்தைக் கைவிட்டு உரிமையைப் பெற்றுக்கொள்ளும்படி சொல்லப்படுகிறது. வாசலும் சந்தும் தொழிலும் மேல்தளத்துத் தம்பியும் அந்த உரிமையில் எழுதப்படுவதற்கு இடமுண்டா என்பதே இன்று கேட்கவேண்டிய கேள்வி. கணக்கெடுப்பவர் கதவில் இடும் எண்ணுக்கு அது தெரியாது. பழைய பத்திர எழுத்தருக்குத் தெரிந்திருந்தது: ஆண்டு என்று எழுதியவுடன் அவர் பேனாவை வைத்துவிடவில்லை.