பூக்கிற நாள்

ஆடுதுறை 43 விதை மூட்டைச் சீட்டில் 110 நாள் என்று போட்டிருக்கும். குறுவைக்கு அந்தக் கணக்கு சரி. வைகாசி, ஆனி வெயிலில் விட்ட நாற்று சொன்ன நாளில் அறுப்புக்கு வந்துவிடும். அதையே ஐப்பசியில் விட்டால் மார்கழிப் பனியில் பயிர் சுணங்கி நிற்கும். ஒரு வாரம், பத்து நாள் கூடக் கேட்கும்.

மாப்பிள்ளைச் சம்பா வேறு சாதி. அது பார்ப்பது பகலின் நீளத்தை. ஆடியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும் பகல் சுருங்கக் காத்திருந்து, கொஞ்சம் முன்னே பின்னே, ஒரே சமயத்தில்தான் கதிர் தள்ளும். பிந்தி விட்டால் வயசு குறையும். தூர் வெடிக்க நாள் போதாமல் விளைச்சலும் குறையும்.

இதெல்லாம் தெரிந்தும் 2019-இல் ஏமாந்தேன். ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை அந்த வருஷம் ஆகஸ்ட் 13-இல்தான் திறந்தது. எங்களுடையது கடைமடை. வாய்க்காலில் தண்ணீர் ஏறியபோது ஆவணி கடைசி. குறுவைக்கு வாங்கி வைத்த 43 வீட்டில் கிடந்தது. மூன்று மா நிலத்தில் அதையே விட்டேன்.

"எப்படா பூக்கும்?" என்றார் அப்பா.

"மார்கழியில அறுத்துடலாம்ப்பா."

அவர் கேட்டது அதையல்ல. பூத்து முப்பது நாளில் அறுப்பு. அப்படிப் பின்னோக்கி எண்ணினால் பூ கார்த்திகை நடுவில் விழுகிறது, அடைமழையில்.

நெல் பூப்பதை வரப்பில் குந்திப் பார்த்தால்தான் தெரியும். காலை ஒன்பது, பத்து மணிக்கு உமி வாய் திறக்கும். வெள்ளையாக மகரந்தப் பை வெளியே தொங்கும். ஒரு மணி நேரம் போல இருந்துவிட்டு உமி மூடிக்கொள்ளும். கோடை நடவு மாசியில் பிந்தினால் இந்த நேரம் சித்திரை வெயிலில் சிக்கும். 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் கெட்டு மணி பிடிக்காது. எனக்கு வாய்த்தது மழை. சரியாக அந்த நேரத்துக்கு நாலைந்து நாள் விடாமல் அடித்தது.

கதிர் பச்சையாக, நிமிர்ந்து, பார்க்க அழகாகத்தான் நின்றது. தலை சாய வேண்டிய வாரத்திலும் நிமிர்ந்தே நின்றது. அப்பா ஒரு கதிரை உருவி, மணி மணியாக நகத்தால் அழுத்திக்கொண்டே வரப்பில் நடந்தார். மூன்றுக்கு ஒன்றில்தான் பால் வந்தது. மிச்சத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மாட்டுக்குப் போட்டுவிட்டு, "அறுப்புக்கு ஆள் சொல்லிடாத, பதர் தூத்தவே கூலி பத்தாது" என்றார்.