பூட்டிய வீடும் பச்சைத் தண்ணீரும்

வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் செல்வோருக்குக் கவலைகள் பல உண்டு. பால்காரரிடம் சொல்லியாயிற்றா, சமையல் அடுப்பின் குழாயை மூடியாயிற்றா, கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் விழுந்ததா என்று ரெயில் நிலையம் வரையில் விசாரணை நடந்துகொண்டேயிருக்கும். இவையெல்லாம் பூட்டுக்கும் சாவிக்கும் அடங்கிய விஷயங்கள். பூட்டுக்கு அடங்காத வஸ்து ஒன்று உண்டு. அதுதான் திறந்த வெளியில் நிற்கும் தண்ணீர். நாம் ஊரில் இல்லை என்பதை முதலில் அறிந்துகொள்பவன் திருடன் என்று பலரும் நினைக்கிறார்கள். நம் அநுபவத்தில், திருடனுக்கு முன்னால் பாசி அறிந்துகொள்கிறது.

நீச்சல் குளத்தைப் பற்றி எழுதப் போகிறோம். உடனே நேயர்கள் நம்மைப் பெரிய மிராசுதார் என்று எண்ணிவிட வேண்டாம். பள்ளிப்பட்டுக்கு வெளியே, சகோதரர்கள் மூவருக்கும் பொதுவான ஒரு மாந்தோப்பு இருக்கிறது. அதில் பம்ப்செட் தொட்டி ஒன்று வெகு நாளாக இருந்தது. அதையே அகலப்படுத்தி, ஓடு பதித்து, வடிகட்டும் யந்திரம் ஒன்றையும் வைத்தோம். நீளம் 25 அடி, அகலம் 12 அடி, ஆழம் 4 அடி. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 34,000 லிட்டர் தண்ணீர். நாம் சிறு பிள்ளைகளாக இருந்தபோது முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளி நீச்சல் கற்றுக் கொடுத்தார்கள். இன்று அந்தக் கிணறுகளில் தண்ணீர் இல்லை. கொசஸ்தலை ஆற்றிலோ வருஷத்தில் பெரும்பாகம் மணல்தான்; ஆந்திரத்தில் மேலே உள்ள அணையைத் திறந்துவிட்டால் ஒரே நாளில் தரைப்பாலம் மூழ்குகிறது. முழங்கால் நனையாத ஆறும் ஆளை அடித்துச் செல்லும் ஆறும் ஒரே ஆறாக இருக்கிற ஊரில், குழந்தைகள் நீந்தப் பழக வேறு இடம் வேண்டியிருக்கிறது.

இந்தப் பகுதி 1960ஆம் வருஷம் ஏப்ரல் வரையில் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. இன்றும் கடைத்தெருவில் இரண்டு பாஷையும் சரிசமமாகக் கேட்கும். நாம் 'பாசி' என்பதைத் தெலுங்கர் 'பாச்சி' என்கிறார்கள். எல்லைக் கமிஷன்களால் பிரிக்க முடியாத விஷயங்களில் இது ஒன்று போலும்!

பாசி எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அது வருவதில்லை, எப்போதும் இருக்கிறது. காற்றில், புழுதியில், மழைத்துளியில், ஏரியில் குளித்துவிட்டு வந்த பையனின் அரைக்கால் சட்டையில், கண்ணுக்குத் தெரியாத வித்துக்களாக இருக்கிறது. அதற்கு வேண்டியவை வெயில், வெதுவெதுப்பு, சிறிது உணவு. சித்திரை, வைகாசி மாதங்களில் முதல் இரண்டுக்கும் இங்கே பஞ்சமில்லை. மூன்றாவதைச் சுற்றியுள்ள கரும்புத் தோட்டங்கள் கொடுக்கின்றன. வயலுக்கு இடும் உரத்தில் ஒரு பங்கு புழுதியாய்ப் பறந்து வந்து விழுகிறது. மாவிலையும் பூவும் விழுந்து மக்குகின்றன. மூன்றும் கூடிவிட்டால் பாசி ஒரு நாளில் இரண்டு மடங்காகப் பெருகும். திங்கட்கிழமை தெளிவாக இருந்த தண்ணீர் வெள்ளிக்கிழமை கஷாயம் போல் ஆவதில் ஆச்சரியமில்லை.

ஊருணித் துறையில் தண்ணீரைத் தொடுந்தோறும் பாசி விலகும், விட்டவுடன் மறுபடி வந்து மூடும் என்பதைச் சங்க காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள். பிரிவால் வரும் பசலைக்குப் பரணர் அதைத்தான் உவமையாக்கினார். காதலனுக்குச் சொன்னது குளத்துக்காரனுக்கும் பொருந்துகிறது.

இந்தப் பகையை அடக்குவதற்கு உலகம் கண்ட மருந்து குளோரின். இங்கிலாந்தில் மெயிட்ஸ்டன் நகரில் 1897இல் விஷ ஜுரம் பரவியபோது குடிநீர்க் குழாய்களைப் பிளீச்சிங் பவுடரால் சுத்தம் செய்தார்கள். அமெரிக்காவில் ஜெர்ஸி நகரத்துக் குடிநீருக்கு 1908 முதல் நித்தியப்படி குளோரின் சேர்த்தார்கள். குளத்துக்கு வேண்டிய அளவு மிகச் சொற்பம். பத்து லட்சம் பங்கு தண்ணீருக்கு ஒன்று முதல் மூன்று பங்கு போதும். நம் குளத்தில் இரண்டு பங்கு நிற்க வேண்டுமானால் 68 கிராம் குளோரின் வேண்டும். நூற்றுக்கு 65 பங்கு வீரியமுள்ள தூளில் சுமார் 105 கிராம். ஒரு டம்ளர் கூட நிரம்பாது.

அப்படியானால் ஒரு மாதத்துக்கு உரியதை ஒரேயடியாகக் கொட்டிவிட்டுப் போனால் என்ன? இதைக் கேட்காத உறவினர் இல்லை. சூரியன் விடமாட்டான் என்பதுதான் பதில். வெறும் குளோரின் உச்சி வெயிலில் இரண்டு மூன்று மணி நேரத்தில் பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. அதைக் காப்பாற்ற ஸயனூரிக் அமிலம் என்ற சரக்கைச் சேர்க்கிறார்கள். குளோரினுக்கு அது ஒரு குடை. மெதுவாகக் கரையும் வில்லைகளில் இந்தக் குடை கூடவே வருகிறது. ஆனால் குடை மேல் குடையாகச் சேர்ந்து போனால் குளோரின் சோம்பேறியாகி விடுகிறது. இருந்தும் வேலை செய்வதில்லை. போதாததற்கு, நம் ஆழ்குழாய்க் கிணற்று நீர் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கடின நீர். பி.எச். என்னும் அளவு 7.5 ஆக இருக்கும்போது குளோரினில் ஏறக்குறையப் பாதி வீரியமாக நிற்கிறது, அது 8.5 ஆக ஏறினால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். ஆகையால் மருந்து இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. மருந்து வேலை செய்கிற நிலையில் தண்ணீர் இருக்கிறதா என்றும் ஒருவர் வந்து பார்க்க வேண்டும்.

யந்திரம் பார்த்துக்கொள்ளாதா? மோட்டாருக்குக் கடிகார ஸ்விட்ச் வைத்திருக்கிறோம். மின்சாரம் நின்றால் கடிகாரமும் நிற்கும். நான்கு தடவை மின்வெட்டு வந்தால், பகலில் ஓட வேண்டிய மோட்டார் நடுநிசியில் ஓடி, வெயில் நேரத்தில் தூங்கும். கடிகாரத்தைத் திருத்தவும் ஒரு மனிதர்தான் வேண்டும்.

இப்படியாகத்தான் பராமரிப்புக் கம்பெனிகளின் தயவு நமக்கு வேண்டியதாயிற்று. வாரம் ஒரு முறை ஆள் வருவார், சுவரைத் தேய்ப்பார், அடியை உறிஞ்சுவார், மருந்து போடுவார், கைப்பேசியில் படம் அனுப்புவார் என்று ஏற்பாடு. முதலில் அமர்த்திய கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். நாம் டில்லியில் மகள் வீட்டில் இருந்த மாதத்தில் வாரந்தோறும் படம் தவறாமல் வந்தது. தண்ணீர் நீல மணி போல் ஜொலித்தது. மூன்றாவது படத்தை நம் பேத்திதான் உற்றுப் பார்த்தாள். "தாத்தா, நம்ம குளத்துப் பக்கத்துல தென்னமரம் எப்போ வெச்சீங்க?" என்றாள். நம் தோப்பில் தென்னை மரமே கிடையாது.

திரும்பி வந்து பார்த்தபோது குளத்தின் அடி தெரியவில்லை. தவளைகள் குடும்பத்துடன் குடியேறியிருந்தன. கொசுப் புழுக்கள் நெளிந்தன. முட்டை கொசுவாகப் பறக்க வெயில் காலத்தில் ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் செகந்திராபாதில் கண்டது 1897இல். அதை அறிந்த பிறகும் தோப்பு நடுவே கொசுப்பண்ணை வளர்த்தால் அண்டை வீட்டார் நம்மை என்ன சொல்வார்கள்? கம்பெனியோ மூன்று வாரத்துக்கும் பில் அனுப்பியது. கொடுக்க மறுத்தோம்.

தண்ணீரை இறைத்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள் என்று யோசனை சொன்னவர்கள் பலர். 34,000 லிட்டர் என்பது 12,000 லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட மூன்று நடை. கொசஸ்தலையாறு இங்கிருந்து போய்ச் சேருவது பூண்டி நீர்த்தேக்கத்தில். ஸ்ரீ சத்தியமூர்த்தி சென்னை மேயராக இருந்தபோது, 1940இல், அதற்கு அஸ்திவாரம் போட்டார்கள். 1944இல் அது முடிந்தபோது பார்க்க அவர் உயிருடன் இல்லை. அவர் பெயரால் விளங்கும் அந்தத் தேக்கம் 2019ஆம் வருஷக் கோடையில் அநேகமாக வறண்டு கிடந்தது. நம் ஜில்லாவின் விவசாயக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகச் சென்னைக்குத் தண்ணீர் போயிற்று. அந்தக் காட்சியைக் கண்ட பிறகு, பாசி பிடித்தது என்பதற்காகக் குளத்தை இறைத்துக் கொட்ட மனம் வருமா? நாம் கொட்டவில்லை. பி.எச். அளவை முதலில் இறக்கி, சூரியன் சாய்ந்த பிறகு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் தூளைப் போட்டு, இரவெல்லாம் மோட்டாரை ஓட்டி, காலையில் சுவரைத் தேய்த்தோம். மாலைதோறும் இதையே திரும்பச் செய்தோம். ஐந்தாம் நாள் அடி தெரிந்தது. வடிகட்டியைக் கழுவிய தண்ணீரைக்கூட ஒரு நாள் வெயிலில் வைத்திருந்து மாமரங்களுக்கு விட்டோம்.

மயில்துத்தம் போட்டால் ஒரு நாளில் பாசி செத்துவிடும் என்பார்கள். உண்மைதான். அளவு மீறினால் சுவரில் கறை பிடிக்கும். அந்த நீரை வெளியே விட்டால் மீன்களும் சாகும். நாம் அதைத் தொடுவதில்லை.

இரண்டாவதாக அமர்த்திய கம்பெனியின் ஆள் இருபத்து நாலு வயது வாலிபர். முதல் நாள் வந்தவர் தண்ணீரைப் பார்க்கவேயில்லை. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே சுவரைத் தடவினார். "தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே தம்பி, என்ன பார்க்கிறீர்கள்?" என்று கேட்டோம். "கண்ணுக்குத் தெரியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே கைக்குத் தெரியும் ஐயா. வழவழன்னு இருந்தா பாசி வந்தாச்சு" என்றார். படிகளின் மூலையையும் ஏணியின் பின்புறத்தையும் அப்படியே தடவினார். தண்ணீர் சுற்றாத அந்த மூலைகளில்தான் பாசி முதலில் குடியேறுமாம். அன்றே இவர்தான் நம் ஆள் என்று தீர்மானித்துவிட்டோம்.

ஆனால் அவர் ஸ்கூட்டரில் ஒரே பைக்குள் பிளீச்சிங் பவுடரையும் ஆசிட் டப்பாவையும் வைத்துக்கொண்டு வந்ததைக் கண்டபோது நமக்கு வயிற்றைக் கலக்கியது. அவை இரண்டும் கலந்தால் கிளம்பும் வாயுதான் 1915ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் ஈப்ரே போர்க்களத்தில் சிப்பாய்களின் நுரையீரலைப் பொசுக்கியது. வில்லையும் தூளும் ஈரத்தில் கலந்தால் தீப்பிடிக்கவும் கூடும். கையுறை, கண்ணாடி ஒன்றும் கம்பெனியில் கொடுக்கவில்லையாம். நாம் இரண்டையும் வாங்கிக் கொடுத்து, ஆசிட்டை மோட்டார் அறையிலும் தூளை மாட்டுக்கொட்டகைப் பரணிலும் வைக்க ஏற்பாடு செய்தோம். குழந்தைகள் நீந்திக் களிப்பதற்காக வேறொருவர் வீட்டுப் பிள்ளை மூச்சு முட்டிச் சாக வேண்டியதில்லை.

மோட்டார் அறையில் ஒரு நோட்டுப் புஸ்தகம் தொங்குகிறது. தேதி, குளோரின் அளவு, பி.எச்., போட்ட மருந்து, கையெழுத்து: ஒவ்வொரு வரவுக்கும் ஒரு வரி. இது நாம் கண்டுபிடித்த புதுமையன்று. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்ச் சாஸனங்கள், 919, 921ஆம் வருஷத்தவை, ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலையால் எடுத்ததைச் சொல்கின்றன. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் குடத்துக்குள்ளேயே விடக்கூடாது என்கின்றன. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் கணக்குக் கேட்டிருக்கிறார்கள். நாம் படத்தை நம்பினோமானால் அந்தச் சபையார் சிரிப்பார்கள்.

இந்த வைகாசியில் முப்பத்தைந்து நாள் பிரயாணம். வாரம் ஒரு முறை என்பதை இரு முறையாக்கி, அதிகப் பணத்தில் ஒரு பகுதி வாலிபரின் கைக்கே நேராகப் போகும்படி கம்பெனியுடன் பேசி முடித்தோம். மாவிலை விழாமல் வலை கட்டியாயிற்று. குழந்தைகள் யாரும் உள்ளே போகாதபடி வேலிக் கதவுக்குப் பூட்டும் போட்டாயிற்று. சாவி அடுத்த கொல்லைப் பெரியவரிடம் இருக்கிறது. வாலிபர் வந்து போனதை நோட்டில் சாட்சியாக எழுதுவதும், மின்வெட்டுக்குப் பின் கடிகாரத்தைத் திருத்துவதும் அவர் பொறுப்பு. அவர் எழுதுவது தெலுங்கில். சென்ற தடவை எல்லா வரிகளையும் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தோம். ஒரு தேதியில் 'ஆள் வரவில்லை, மழை' என்றும் மறுநாளில் 'வந்தார், இரண்டு மணி நேரம்' என்றும் இருந்தது. இதற்கு அவர் பணம் வாங்க மறுக்கிறார். அந்த மாதம் பழுக்கும் மாம்பழத்தில் பாதி தமக்கு என்கிறார். எந்த மரங்களின் பாதி என்பதில்தான் இன்னும் சமரசம் ஏற்படவில்லை.