மரக்காணத்துல எதுக்குங்க ஸ்வெட்டர்?

எங்க ஊரு உப்பளத்துக்குப் பேர் போனது. வெயில் கொளுத்தினாத்தான் உப்பு விளையும். அப்படிப்பட்ட ஊர்ல இருந்துக்கிட்டு, டான்ஸ் ஆடற புள்ளைக்கு ஸ்வெட்டர், சாக்ஸ்னு பேசினா ஜனங்க சிரிக்கத்தான் செய்வாங்க. சிரிச்சாங்க :-)

அண்ணன் மக பாண்டியில பரதம் கத்துக்கறா. ரெண்டு வருஷம் முன்னாடி மார்கழியில, கடற்கரையோரம் திறந்த மேடையில நிகழ்ச்சி. மேக்கப், தலைசாமான், பட்டு உடுப்பு எல்லாம் போட்டு அஞ்சு மணிக்கே ரெடி. இவ முறை வந்தப்போ மணி எட்டு. அதுவரைக்கும் ஈரக்காத்துல, சில்லுனு கெடந்த தரையில வெறுங்காலோட உக்காந்திருந்தா. அலாரிப்புல அரைமண்டி போட்டதுமே கெண்டைக்கால் இழுத்துக்கிச்சு. பல்லைக் கடிச்சிக்கிட்டு ஆடி முடிச்சவ, கீழே வந்து "அத்தை, இனிமே ஆட மாட்டேன்"னு ஒரே அழுகை.

அப்புறம்தான் இதைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சேன். மேல்நாட்டு பாலே ஆட்டக்காரங்க கம்பளியில பின்னின லெக் வார்மரைக் காலுக்கு மாட்டிக்குவாங்க இல்லையா, அது சும்மா ஸ்டைலுக்கு இல்லீங்க. துணி சூட்டைக் கொடுக்காது. நாம உடம்பை அசைச்சு உண்டாக்கின சூட்டை ஓட விடாம பிடிச்சு வைக்கும், அவ்ளோதான். தசை சூடா இருந்தா சொன்னபடி கேக்கும். சும்மா உக்காந்துட்டா பத்துப் பதினஞ்சு நிமிஷத்துலேயே அந்தச் சூடு இறங்க ஆரம்பிச்சிடும்.

1936ல கலாக்ஷேத்ராவைத் தொடங்கின ருக்மிணி தேவியே முதல்ல பாலே கத்துக்கிட்டவங்கதான். பரதத்தோட மேடை உடுப்பை மாத்தி அமைச்சதுல அவங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, மேடைக்குத் தைச்ச பட்டு உடுப்பு இருக்கு. வகுப்புக்குப் பருத்திப் புடவையும் உள்ளே பைஜாமாவும் இருக்கு. நடுவுல காத்திருக்கிற நேரத்துக்குத்தான் ஒண்ணுமே இல்லை! மாமல்லபுரம் நாட்டிய விழா டிசம்பர் ஜனவரியில திறந்தவெளியில. 1981லேருந்து நடக்கிற சிதம்பரம் நாட்டியாஞ்சலி சிவராத்திரியில. எல்லாம் பனிக்காலம், ராத்திரி நேரம்.

எனக்கு வழி காட்டினது உப்பளம்தான். அங்க வேலை செய்யற பொம்பளைங்க புடவைக்கு மேல ஆம்பளை முழுக்கைச் சட்டை போட்டிருப்பாங்க. வெயிலுக்காக. அதைப் பாத்து யாரும் சிரிக்கறதில்லை. வேலைக்கு ஏத்த துணி, அவ்ளோதான். ஆடறதும் உடம்பு உழைக்கிற வேலைதானே?

இப்போ அவ பையில அண்ணனோட பழைய முழுக்கைச் சட்டை ஒண்ணு இருக்கும். ஸ்வெட்டரைத் தலை வழியா மாட்டினா தலைசாமான் கலைஞ்சிடும், பொத்தான் வச்ச சட்டைன்னா கவலையில்லை. மருதாணிச் சிவப்புக்குப் பூசற ஆல்தா காஞ்சப்புறம் சாக்ஸ். மடியில ஒரு சால்வை. நடுநடுவுல எழுந்து மெதுவா தட்டடவு. பேரைக் கூப்பிடும்போது சாக்ஸைக் கழட்டி சலங்கை கட்டிக்கிட்டா போதும்.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் மார்கழிக்குத்தான். மே மாச வகுப்புல ஸ்வெட்டர் போட்டு ஆடினா மயக்கம்தான் வரும். எடை குறையும்னு பிளாஸ்டிக் சூட் போடறதும் வேண்டாம். குறையறது தண்ணி மட்டும்தான்.

போன மார்கழியில அவ பக்கத்துல காத்திருந்த குட்டிப் பொண்ணு ஒண்ணு, "அக்கா, அந்தச் சட்டையை எனக்குக் கொஞ்ச நேரம் தர்றீங்களா?"ன்னு கேட்டுதாம். இந்த வருஷம் ரெண்டு சட்டை எடுத்து வைக்கப் போறேன். உங்க வீட்டு ஆட்டக்காரங்க என்ன பண்றாங்க, சொல்லுங்களேன்?