விலை கேட்காத கடை

மென்பொருள் என்றால் காசு என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன், லினக்ஸ் அறிமுகமாகும்வரை.

என்னிடம் இருப்பது, அக்கா பன்னிரண்டாவது படித்தபோது அரசு வழங்கிய மடிக்கணினி. (அவள் மேலே படிக்கவில்லை; மில்லுக்குப் போகிறாள்.) வயதான அந்தக் கணினி ஆமையாய் நகரவே, டெபியனை நிறுவினேன். 1993-இல் தொடங்கி, தன்னார்வலர்கள் வளர்த்துவரும் இயங்குதளம் இது. முனையத்தில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்று அடித்து, வேண்டியதன் பெயரைச் சேர்த்தால் போதும். கல்யாணச் சமையல்காரரிடம் சாம்பார் என்றால், பருப்பிலிருந்து பெருங்காயம்வரை அவரே பட்டியல் போடுவாரல்லவா? அதுபோல, துணை நிரல்களையும் ஆப்ட் தானே கொண்டுவந்துவிடும். கைப்பேசியின் டேட்டாதான் கரையும்!

இப்படி வந்ததுதான் ஆக்டேவ். தடையுறு அலைவின் வரைபடத்தை அதில்தான் வரைந்தேன். தம்பிக்கு சூப்பர்டக்ஸ் என்னும் பென்குயின் விளையாட்டு. அவன் நண்பர்கள் ஆடும் சில புது விளையாட்டுகள் லினக்ஸில் ஓடுவதில்லை, முணுமுணுப்பு ஓயவில்லை.

அப்பாவுக்கோ வேறு சந்தேகம். "சும்மா குடுக்கறவன் எதுக்குடா குடுக்கறான்?" நிரலின் மூலத்தையே திறந்து வைத்திருக்கிறார்கள், யாரும் படிக்கலாம், திருத்தலாம் என்றேன். பதில் இல்லை.

இரவு ஷிப்ட் முடிந்து வந்த அக்கா, "டைப்பிங் பழக எதுவும் இருக்காடா?" என்றாள். கேடச் ஏறிக்கொண்டிருக்கிறது.